கிறிஸ்மஸ் அன்னைக்கு சொல்லாதே மக்களே, அதுக்கு முன்னாடியே சொல்லிரு

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயசு, மார்த்தாண்டம் பக்கம், நர்ஸா வேலை பாக்கேன். அப்பாக்கு ரப்பர் பால்வெட்டு. நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை, புராட்டஸ்டன்ட்). எங்க சபை கேரல் சர்வீசுக்கு கீபோர்டு வாசிக்க வந்த ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) பையனும் நானும் மூணு வருஷமா விரும்புறோம். இதுக்கிடையில எனக்க அண்ணன் அவனுக்க தங்கச்சியை விரும்புறான். இது எங்களுக்கும் பெரியம்மைக்கும் மட்டும்தான் தெரியும். பெரியம்மை என்ன சொல்லுதாவன்னா பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்தா சீதனம் ரெண்டு பக்கமும் கழிஞ்சு போவும், அதைச் சொல்லியே அப்பாவை சம்மதிக்க வைக்கலாம்னு. ஆனா வீட்டுல எனக்கு குவைத்துல வேலை பாக்கற ஒரு மாப்பிள்ளையை பேசிட்டு இருக்காவ, 19ஆம் தேதி லீவுல வாறான், 28ஆம் தேதி பொண்ணு பாக்க வாறாவ. அந்த ஆளு முன்னாடி எனக்க கூட்டுக்காரியை விரும்பினவன், அவளுக்கு இன்னும் மறக்க முடியல. அண்ணன் ஜனவரி வரை வாயைத் திறக்காதேங்கான். கீபோர்டு பையனுக்க ஃபிரண்ட்ஸ் கிறிஸ்மஸுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணிட்டா யாரும் ஒண்ணும் செய்ய முடியாதுங்காங்க. நான் நினைக்கறது, கிறிஸ்மஸ் அன்னைக்கு விடியக்காலம் ஆராதனை முடிஞ்சு எல்லாரும் சந்தோசமா இருக்கும்போ எல்லாத்தையும் ஒரே அடியா சொல்லிரலாம்னு. சரியா அக்கா? பேரு போட வேண்டாம்.

பதில்:

மக்களே, உனக்க லெட்டர் புரியறதுக்கே ஒரு பேப்பர் எடுத்து யாரு யாரை விரும்புறாங்கன்னு அம்புக்குறி போட வேண்டியதாப் போச்சு. நீ கீபோர்டுகாரனை, அவன் உன்னை, அண்ணன் கீபோர்டுகாரனுக்க தங்கச்சியை, கூட்டுக்காரி குவைத்துகாரனை, குவைத்துகாரனுக்க வீட்டுக்காரங்க உன்னை. எல்லாம் போட்டுட்டு பாத்தா குவைத்துகாரன்ட்ட இருந்து ஒரு அம்பும் கிளம்பல. அவனுக்கு என்ன வேணும்னு இவ்வளவு பெரிய லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல பாத்தியா. அதனால நான் அவன்ட்ட இருந்துதான் தொடங்கப் போறேன், உனக்கு அது கொஞ்சம் எரிச்சலா இருந்தாலும் பரவாயில்ல.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல டிசம்பர் எப்படிப் போகும்னு உனக்குச் சொல்ல வேண்டாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா 3ஆம் தேதி முடிஞ்ச கையோட வீட்டு வீட்டுக்கு ஸ்டார் ஏறிரும், வளைகுடாவுல இருக்கறவங்க, கப்பல்ல இருக்கறவங்க, சென்னை பெங்களூருல இருக்கறவங்க எல்லாம் லீவு போட்டு வந்து இறங்குவாங்க. ஆர்சில கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம் திருவருகைக் காலம்ங்கறதால அப்போ பொதுவா கல்யாணம் வைக்க மாட்டாங்க, அதனால பொண்ணு பாக்கறதும் பேசி முடிக்கறதும் இப்போ, கோயில்ல மூணு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சு கல்யாணம் ஜனவரில, மாப்பிள்ளைக்க லீவு தீரறதுக்குள்ள எல்லாம் நடந்தாகணும். சிஎஸ்ஐ வீடுகளும் இதே லீவு கணக்குலதான் ஓடுது. குவைத்துல இருந்து வர்ற ஒருத்தனுக்கு கல்யாணத்துக்குன்னு கிடைக்கறது இந்த ஒரு லீவு. எந்த நாள் எந்த வீடுன்னு அவனுக்க அம்மா இப்பவே கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க. அவன் 28ஆம் தேதி உனக்க வீட்டுல வந்து உக்காந்து, நீ சாயா கொண்டு வச்சு, அதுக்கப்புறம்தான் இந்தப் பொண்ணுக்கு வேற ஆளு உண்டுன்னு தெரிய வந்தா அவனுக்கு போறது ஒரு சாயங்காலம் மட்டும் இல்ல கேட்டியா. 'அந்தப் பொண்ணு இவனை வேண்டாம்னுட்டா, என்னவோ ஏதோ'ங்கற பேச்சு அவன் போகப் போற அடுத்த வீட்டுக்கு அவனுக்கு முன்னாடியே போய்ச் சேரும். அவன் உனக்கு ஒரு கெடுதியும் செய்யல.

அதனால உனக்க கெடு 25ஆம் தேதியும் இல்ல 28ஆம் தேதியும் இல்ல, 19ஆம் தேதி. அவன் விமானம் ஏறறதுக்கு முன்னாடி உனக்க வீட்டுல இருந்து அவனுக்க வீட்டுக்கு 'இது சரிவராது'ன்னு பதில் போயிருக்கணும். மத்ததெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

இனி உனக்க கிறிஸ்மஸ் பிளான். எனக்குப் புரியுது, அன்னைக்கு எல்லாரும் புதுத்துணி போட்டு, பாட்டுப்பாடி, மனசு லேசா இருக்கும், அந்த நேரம் சொன்னா கோபப்பட மாட்டாங்கன்னு நீ நினைக்கற. சினிமால அப்படித்தான் காட்டுவான், பனி கொட்டும், மணி அடிக்கும், எல்லா ஜோடியும் சேர்ந்திரும். நம்ம வீட்டுல என்ன நடக்கும்னு யோசி. உனக்க அம்மா அதுக்கு முந்தின ஒரு வாரமா முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்குன்னு எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு, 24ஆம் தேதி ராத்திரி முழுக்க கோழியும் ஆப்பத்துக்கு மாவும்னு ஓடி, கண்ணே மூடாம விடியக்காலம் சர்ச்சுக்கு வந்திருப்பாங்க. அப்பாக்கு வரிசையா விருந்தாளி, யாருக்கு கேக் குடுத்தாச்சு யாருக்கு குடுக்கலைன்னு ஒரு பக்கம். அந்த நேரத்துல நீ இதைச் சொன்னா அப்பாவால கத்தவும் முடியாது அழவும் முடியாது, சித்தப்பா மாமா முன்னாடி சிரிச்சுட்டு நிக்கணும். கோபம் வராததுக்கு அது காரணம் இல்ல, கோபத்தை வெளியே காட்ட முடியாம வைக்கறதுக்குத்தான் காரணம், அது ராத்திரி எல்லாரும் போனதும் ரெண்டு மடங்கா வரும். கூடவே நாலு பேரு முன்னாடி மாட்டிவிட்டுட்டாளேங்கற அவமானமும் சேரும், அதுதான் லேசுல ஆறாது. ஜனவரில எனக்கிட்ட வர்ற குடும்பங்கள்ல இந்தக் கதை நிறைய கேக்கேன், பிள்ளை விரும்பினது கூட பரவாயில்ல, அந்த நாள்ல எதுக்கு சொன்னாங்கறதுதான் அப்பாமாருக்க வாயில இருந்து மொதல்ல வரும்.

அப்போ எப்போ சொல்றது? உனக்க அப்பா பால்வெட்டுக்கு விடியறதுக்கு முன்னாடியே போறவரு, பாலெடுத்து ஷீட் அடிச்சுட்டு வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு கொஞ்சம் சாயற நேரம் உண்டுல்லா, அந்த மத்தியான நேரம். மழை பெய்ஞ்சு வெட்டு இல்லாத நாளு வேண்டாம், அன்னைக்கு கூலி போன எரிச்சல்லேயே இருப்பாரு. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், யாராவது வந்துட்டு இருப்பாங்க. ராத்திரி கண்டிப்பா வேண்டாம், எட்டு மணிக்கு மேல எந்த சபைக்க கேரல் எப்போ முற்றத்துல வந்து நிக்கும்னு தெரியாது, அப்பா தலையில கை வச்சு உக்காந்திருக்கும்போ வெளிய டிரம் அடிச்சு கிறிஸ்மஸ் தாத்தா முட்டாய் நீட்டிட்டு நிக்கற கோலம் யாருக்கும் வேண்டாம். உனக்க டியூட்டி சார்ட்டைப் பாத்து 19க்கு முன்னாடி ஒரு வீக்டே ஆஃப் எடு.

அம்மாட்ட சொல்லி அம்மா வழியா அப்பாட்ட சொல்லலாம்னு நினைக்காதே. பாதி வீட்டுல அதுதான் நடக்கும், கடைசில 'உனக்குத் தெரிஞ்சும் எனக்கிட்ட மறைச்சியா'ன்னு அடி முழுக்க அம்மாக்கு விழும். முந்தின நாள் ராத்திரி அம்மாட்ட சொல்லு, நாளைக்கு அப்பாட்ட நானே சொல்லுவேன், நீங்க கூட உக்காந்தா மட்டும் போதும்னு சொல்லு. அப்பாட்ட பேசும்போ சுத்தி வளைக்காதே. 'அப்பா, குவைத்து மாப்பிள்ளைக்க வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லிருங்க, அவங்க வீண் செலவு பண்ணறதுக்கு முன்னாடி சொல்லணும்னுதான் இன்னைக்கே சொல்லுதேன். எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, ஆர்சி, இன்ன வேலை, இன்ன ஊரு. இன்னைக்கே பதில் சொல்ல வேண்டாம்.' இவ்வளவு போதும். பதில் இன்னைக்கு வேண்டாம்னு சொல்றது முக்கியம், ஏன்னா அன்னைக்கே கேட்டா வர்ற ஒரே பதில் 'முடியாது'தான், ஒரு தடவை முடியாதுன்னு சொன்ன அப்பா அப்புறம் மனசு மாறினாலும் வாயை மாத்த கஷ்டப்படுவாரு. கிறிஸ்மஸ் வரைக்கும் அவரு பேசாம இருந்தாலும் இருக்கட்டும். பேசாத கிறிஸ்மஸ் ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது.

இதுல அண்ணன் பேரு வரப்பிடாது. ஒரு வார்த்தை கூட. அவரு கோபத்துல 'இவனைப் பாத்துப் படி'ன்னு அண்ணனைக் கை காட்டினாலும் வாயை மூடிட்டு இரு. அது அவனுக்க காரியம், அவன் சொல்லணும்.

இனி பெரியம்மைக்க ஐடியாவுக்கு வருவோம், எனக்கு உண்மையிலயே பயமா இருக்கறது அதுதான். பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கறது தப்புன்னு நான் சொல்லல, நம்ம ஊருல அப்படிக் கட்டி நல்லா வாழறவங்க எவ்வளவோ பேரு உண்டு. முறைக்கும் தடை இல்ல, அண்ணன் பொண்டாட்டி உனக்கு மைனி, மைனிக்க அண்ணன் உனக்கு அத்தான் முறைதான். ஒரு வீட்டு அண்ணன் தங்கச்சி இன்னொரு வீட்டு அண்ணன் தங்கச்சியைக் கட்டறதுக்கு கத்தோலிக்க சட்டத்துலயும் தடை கிடையாது. பிரச்சனை முறையில இல்ல, கணக்குல. சீதனம் கழிஞ்சு போவும்னு பெரியம்மை சொல்லுதாவல்லா, கழியணும்னா மொதல்ல ரெண்டு பக்கமும் ஒரு தொகை எழுதணும், அப்போதான் கழிக்க முடியும். எழுதின கணக்கு எங்கயும் போகாது. நாளைக்கு உனக்க அம்மா ஆசைக்கு உனக்கு ஒரு வளையல் கூடுதலா போட்டா அந்த வீட்டுல அதே வளையல் அவங்க பொண்ணுக்கு ஏன் போடலைன்னு கேள்வி வரும். உனக்கும் கீபோர்டுகாரனுக்கும் சாதாரணமா ஒரு சண்டை வந்து நீ நாலு நாள் அம்மா வீட்டுல வந்து நின்னா, ஒரு தப்பும் செய்யாத உனக்க மைனி பொட்டியைத் தூக்கிட்டு அவ வீட்டுக்குப் போகணும், ஏன்னா 'எனக்க தங்கச்சி இங்க நிக்கா, உனக்கென்ன அங்க சொகுசு'ன்னு உனக்க அண்ணனே கேப்பான். இப்போ ஊரெல்லாம் தொங்குதே சீரியல் செட், பழைய மாடல்ல ஒரு பல்பு போனா வரிசையே அணைஞ்சுரும், எந்த பல்புன்னு கண்டுபிடிக்க ஒவ்வொண்ணா கழத்திப் பாக்கணும், அந்த மாதிரிதான் ஆகும்.

சீதனம்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிருதேன். 1961ஆம் வருஷத்து வரதட்சணை தடைச் சட்டப்படி வாங்கறது மட்டும் இல்ல, குடுக்கறதும் குற்றம், தண்டனை 5 வருஷத்துக்கு குறையாதுன்னு எழுதியிருக்கு. நம்ம மாவட்டத்துல பவுன் கணக்கு பேசாம நடக்கற கல்யாணம் கம்மிங்கறது எனக்கும் தெரியும். ஆனா ஒரு அப்பாவை சம்மதிக்க வைக்கறதுக்கு 'உங்களுக்கு இவ்வளவு லாபம்'ங்கறதை காரணமா காட்டினா, அந்தக் காரணம் ஒரு நாள் இல்லாம போகும்போ சம்மதமும் போகும். உனக்க ஆளை அப்பா ஏத்துக்கறது அவனுக்காக இருக்கட்டும்.

அதனால ரெண்டு கல்யாணமும் நடக்கணும்னா நடக்கட்டும், ஆனா ரெண்டு தனித்தனி பேச்சு, ரெண்டு தனித்தனி நாள், முடிஞ்சா நடுவுல ஒரு வருஷமாவது இடைவெளி. பெரியம்மைட்ட மரியாதையா சொல்லிரு, இந்த ஐடியாவை இப்போ எங்கயும் எடுக்க வேண்டாம்னு. பெரியம்மைமாருக்க வாயில ஒரு சங்கதி எத்தனை நாள் நிக்கும்னு உனக்கே தெரியும், அதுவும் நீ சீக்கிரம் பேசறதுக்கு ஒரு காரணம்.

அண்ணன்ட்ட நீ அனுமதி கேக்க வேண்டாம், ஆனா தேதி சொல்லணும். 'நான் இன்ன நாளு அப்பாட்ட பேசப் போறேன், உனக்க பேரு வராது'ன்னு சொல்லு. அவன் கத்துவான். அவனுக்க பயத்துல கொஞ்சம் நியாயமும் உண்டு, உனக்க பேச்சு முறிஞ்சா அந்த வீட்டுல அவனுக்கும் கதவு அடையுமேன்னு. ஆனா யோசிச்சுப் பாரு, ஜனவரி வரை நீ வாயை மூடிட்டு இருந்தா அதுக்குள்ள 28ஆம் தேதி வந்துரும், உனக்கு வேற நிச்சயம் நடந்துரும், அப்போ அவனுக்க வழி சுத்தமா கிளியர். அவன் கெட்ட எண்ணத்துல சொல்றான்னு நான் சொல்லல, அவனே இதை யோசிச்சிருக்க மாட்டான், ஆனா விளைவு அதுதான்.

ரிஜிஸ்டர் பண்ற ஐடியா நடக்கவே நடக்காது, அதைப் பத்தி ரொம்ப பேச வேண்டாம். 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்துல ரெண்டு பேருல ஒருத்தராவது 30 நாளா குடியிருக்கற மாவட்டத்துல நோட்டீஸ் குடுக்கணும், அந்த நோட்டீஸை ஆபீஸ்ல எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டுவாங்க, 30 நாள் கழிஞ்சு ஆட்சேபனை இல்லைன்னா மூணு சாட்சியோட போய் கையெழுத்துப் போடணும். இன்னைக்கே குடுத்தாலும் ஜனவரிதான். அதுக்குள்ள பத்திரம் பதியப் போற உனக்க சொந்தக்காரன் ஒருத்தன் அந்த போர்டைப் பாக்காம இருப்பானா. ஃபிரண்ட்ஸ் சொல்றது நடந்து முடிஞ்ச கல்யாணத்தைப் பதியறது, தமிழ்நாட்டுல 2009ஆம் வருஷத்து சட்டப்படி கல்யாணம் முடிஞ்சு 90 நாளுக்குள்ள பதியணும், அது வேற இது வேற, ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. வயசு வந்த ரெண்டு பேரு யாரைக் கட்டணும்ங்கறது அவங்க உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே தெளிவா சொல்லிருக்கு, அந்த வழி எப்பவும் திறந்துதான் இருக்கும். வீட்டுல ஒரு வார்த்தை பேசிப் பாக்கறதுக்கு முன்னாடி அங்க ஓடணும்னு என்ன அவசரம்.

அதை விட அப்பா மொதல்ல கேக்கப் போற கேள்விக்கு நீங்க ரெண்டு பேரும் பதில் வச்சிருக்கீங்களான்னு பாரு. 'நீ அங்க மாறணுமா, பிள்ளைங்க எந்தக் கோயிலுக்குப் போகும்?' நீ மாறித்தான் ஆகணும்னு இல்ல, உனக்க ஞானஸ்நானத்தை அவங்க ஏத்துக்கறாங்க. ஆனா கத்தோலிக்கர் ஒருத்தர் வேற சபைப் பொண்ணைக் கட்டணும்னா ஆயருக்க அனுமதி வேணும், பிள்ளைங்களை கத்தோலிக்கரா ஞானஸ்நானம் குடுத்து வளக்க தன்னால ஆனதை செய்வேன்னு அவன் வாக்கு குடுக்கணும், அப்படி ஒரு வாக்கு குடுக்கறான்னு உனக்கும் தெரிஞ்சிருக்கணும். மூணு வருஷத்துல இதைப் பத்தி பேசினதா உனக்க லெட்டர்ல இல்ல. இந்த வாரமே பேசுங்க, அப்பாட்ட உக்காரறதுக்கு முன்னாடி. அவன் அவனுக்க பங்குச் சாமியார்ட்ட போய் கேக்கட்டும், மேற்குப் பக்கத்து பங்குன்னா 2014ல கோட்டாறுல இருந்து பிரிஞ்ச குழித்துறை மறைமாவட்டம், என்ன பேப்பர் வேணும், ஓலை எங்கெங்க வாசிக்கணும்னு அவரு சொல்லுவாரு. உனக்க போதகர்ட்ட நீ பேசறது அப்பாக்குத் தெரிஞ்ச பிறகு போதும்.

கடைசியா கூட்டுக்காரி. உனக்க லெட்டருல ஒரு இடத்துல கூட நேரடியா கேக்கல, ஆனா குவைத்துகாரனை நீ வேண்டாம்னு சொல்லிட்டு அவ பேரைச் சொல்லி விடலாம்னு ஒரு நினைப்பு உனக்க மனசுல ஓடுதுன்னு எனக்குத் தோணுது. அதைச் செய்யாதே. ஒரு ஆளை வேண்டாம்னு சொல்ற அதே வாயால 'எனக்க ஃபிரண்டு இருக்கா'ன்னு சொன்னா அவனுக்கும் கேவலம், அவளுக்கும் கேவலம், நீ மிச்சம் வச்சதை அவ எடுத்துக்கிட்ட மாதிரி ஊரு பேசும், அவளே ஒரு நாள் அப்படி நினைப்பா. அவன்ட்ட அவளுக்கு ஏதாவது கேக்கணும்னா அவளுக்கு போன் இருக்கு, கேக்கட்டும். கேக்க தைரியம் இல்லைன்னா அதுவும் அவளுக்க முடிவு. நீ அவள்ட்ட சொல்ல வேண்டியது ஒண்ணுதான், நான் இந்த சம்பந்தத்தை வேண்டாம்னு சொல்லப் போறேன், எனக்க காரணத்துக்காக, உனக்காக இல்லைன்னு. உனக்காகத்தான் விட்டுக்குடுத்தேன்னு சொல்ல ஆசையா இருக்கும், சொன்னா அவ ஆயுசுக்கும் உனக்கு கடன்காரி.

பேசின பிறகு அப்பா ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கறது, அம்மா அழறது எல்லாம் வரும், அதைப் பொறுத்துக்கோ. ஆனா போனைப் பிடுங்கி வச்சு, வேலைக்கு விடாம, அடி, பூட்டி வைக்கறதுன்னு போச்சுன்னா பொறுக்காதே, 181க்கு போன் பண்ணு, பெண்களுக்கான உதவி எண், ராத்திரியும் எடுப்பாங்க. வார்டுல உனக்கு நம்பிக்கையான ஒரு ஆள்ட்ட பேசப் போற நாளை முன்னாடியே சொல்லி வை, மறுநாள் நீ டியூட்டிக்கு வரலைன்னா வீட்டுக்கு கூப்பிட்டுக் கேக்கறதுக்கு.

அதுவரைக்கும் கேரலுக்கு போகாம இருக்காதே, திடீர்னு போகாம நின்னா அதுதான் சந்தேகம். போ, பாடு, ஆனா கீபோர்டு பக்கத்துல நின்னு பாடாதே. இப்போ ஒவ்வொரு வீட்டு முற்றத்துலயும் யாராவது வீடியோ எடுத்து உடனே ஸ்டேட்டஸ் போட்டுருதாங்க, உனக்க சித்தப்பாவும் அதைப் பாப்பாரு.